சுடுதண்ணித் தொட்டி வாங்க முதல் கிணத்த எட்டிப் பாருங்க

போன ஓகஸ்ட் லீவுக்கு ஒலுவிலில் இருந்து வீட்டுக்குப் போயிருந்தேன். சாச்சா வந்ததும் வராததுமாக ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். படத்தில் வட்டமான ஒரு மரத்தொட்டி. பக்கத்தில் புகைபோக்கி. ஆவி பறக்கிற தண்ணிக்குள் இரண்டு பேர். பின்னால் பனி மூடிய மலை.

"ஹைபிரிட் ஹொட் டப் புள்ள. விறகும் எரிக்கலாம், கரண்ட்டும் போடலாம். அடுத்த சீசனுக்கு இத முத்தத்தில வெச்சா ரூம் வாடகையக் கூட்டலாம். நீ இங்கிலீஷ் வாசிக்கிறாய்தானே, எது நல்லதெண்டு பாத்துச் சொல்லு."

வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு அது அறுகம்பே. எங்களுக்கு உல்லை. பொத்துவிலில் இருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். சாச்சாவுக்கு அங்கே நாலு ரூம், ஒரு கிணறு, ஒரு தண்ணி டேங்க். சீசன் ஆறு மாசம், கடன் பன்னிரண்டு மாசம். ஆகவே அவர் கேட்டதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. ஹொஸ்டலுக்குத் திரும்பி இரண்டு கிழமையாக வாசித்து, கொப்பியில் கணக்குப் போட்டேன். நான் படிப்பது கலைப் பீடம்தான். ஆனால் இந்தக் கணக்குக்கு ஓ/எல் விஞ்ஞானமே போதும்.

கணக்கு முடிந்தபோது கோபம் வந்தது. சாச்சா மேல் அல்ல. எங்கட கரைக்கு எது தேவை என்பதை வேற நாட்டுக் குளிர் முடிவு செய்கிறதே, அது மேல். உல்லையில் ஹொட் டப் வைப்பது கணக்குப் பிழை. அந்தப் பிழைக்கான பில் தொட்டிக்குள் இருக்கிறவருக்கு வராது. கிணத்துக்கும், அடுப்பு எரிக்கிற பொடியனுக்கும், பக்கத்து வீட்டுக்கும்தான் வரும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஹைபிரிட் என்றால் இரண்டு வழியில் சூடாகும் தொட்டி. விறகு அடுப்பு தண்ணியைக் கெதியாகச் சூடாக்கும். மின் ஹீட்டர் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பம்ப் தண்ணியை வடிகட்டிக்குள் சுற்ற விடும். பின்லாந்து, நோர்வே மாதிரி நாடுகளில் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நாலைந்து பேர் இருக்கிற தொட்டிக்கு 1500 லீற்றர் என்று வையுங்கள். மாரிகாலத்தில் அவர்களுடைய குழாய்த் தண்ணி 5 பாகையில் வருகிறது என்றால் அதை 38 பாகைக்கு ஏற்ற வேண்டும். ஒரு லீற்றரை ஒரு பாகை ஏற்ற 1.16 வற்-மணி. பெருக்கினால் கிட்டத்தட்ட 57 யூனிட். 3 கிலோவாற் ஹீட்டர் மட்டும் வைத்தால் 19 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். சுற்றிவர காடும் விறகும் உள்ள ஊரில், வெளியே பனி கொட்டும்போது, விறகும் கரண்ட்டும் சேர்ந்த தொட்டி புத்தியுள்ள தீர்வு. நான் அதைக் குறை சொல்லவில்லை.

நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. சீசனில் எங்கட டேங்க் தண்ணி 28 பாகைக்குக் குறையாது. பின்னேரம் பைப்பைத் திறந்தால் கைசுடும். கடலும் கிட்டத்தட்ட அதே சூடு. காலையில் இருந்து மெயின் பொயின்ட்டில் அலை ஏறி, முதுகு சிவந்து, தோள் எரிந்து வருகிற ஒருவன் முதலில் கேட்பது நிழலும் குளிர்ந்த நல்ல தண்ணியும். பனி மலைக்காரனுக்குச் செய்த மருந்தை வெயில் பட்டவனுக்கு ஏன் காய்ச்ச வேண்டும்?

சரி, கேட்கிறார்கள் என்றே வைப்போம். கணக்கைப் போடுவோம்.

28இல் இருந்து 38க்கு, பத்துப் பாகை. 1500 லீற்றருக்கு ஏறத்தாழ 17.4 யூனிட். இது முதல் தடவை சூடாக்க மட்டும். மூடி இல்லாவிட்டால் கடல் காத்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். வடிகட்டிப் பம்ப் ஓடுவது தனி. 30, 60, 90 என்ற இலக்கங்கள் எங்கட உம்மாமாருக்கு மனப்பாடம். வீட்டு மின் கட்டணம் அந்தப் படிகளில்தான் ஏறுகிறது. 60ஐத் தாண்டக் கூடாது என்பதற்காக உம்மா அயன் பண்ணுவதைக் கிழமைக்கு ஒருநாள் ஆக்கியவர். தொட்டியை நாலு தடவை சூடாக்கினால் 70 யூனிட், அதாவது உம்மா ஒரு மாசம் முழுக்கக் காத்த எல்லையைத் தாண்டியாயிற்று. கெஸ்ட் ஹவுஸுக்குக் கட்டணம் வேறதான், ஆனால் யூனிட் யூனிட்தான். 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூடியதை மறந்துவிட்டோமா? அதற்குப் பிறகு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. நாளைக்கு என்ன என்று தெரியாத விலையில் பத்து வருசத்துக்குத் தொட்டி வாங்கச் சொல்கிறார்கள்.

"அதுக்குத்தானே விறகு" என்றார் சாச்சா. விறகுக் கணக்கும் போட்டேன். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கும், அதில் பாதி புகையோடு போய்விடும். அப்படிப் பார்த்தால் ஒரு தடவைக்கு 9 கிலோ. பெரிய அளவு இல்லைதான். ஆனால் அந்த 9 கிலோவைக் கொத்துவது யார்? ஓகஸ்ட் வெயிலில் இரண்டு மணித்தியாலம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தள்ளித் தள்ளி எரிப்பது யார்? சாம்பல் அள்ளுவது யார்? பின்லாந்துக்காரர் தன்னுடைய அடுப்பைத் தானே மூட்டுகிறார், அது அவருக்கு லீவு நாள் சந்தோசம். உல்லையில் மூட்டப் போவது ஏ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக நிற்கிற ஒரு பொடியன். ஒருத்தன் வேர்வையில் நிற்க இன்னொருத்தர் ஆவியில் இருப்பதைத்தான் நாங்கள் விருந்தோம்பல் என்று விற்கப் போகிறோமா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கிணறு.

எங்கட கரை மணல். மாரியில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கடலில் இருந்து வந்த உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிறது. நல்ல தண்ணி பாரம் குறைந்தது, அதனால் மேலே நிற்கிறது. கிணத்தில் நாங்கள் அள்ளுவது அந்த மெல்லிய படையைத்தான். இதில் ஒரு கொடூரமான விகிதம் இருக்கிறது. நல்ல தண்ணியின் மட்டம் ஒரு அங்குலம் இறங்கினால், கீழே உப்பு எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 40 அங்குலம் மேலே வரும். நிலத்தடி நீர் படித்தவர்கள் நூறு வருசத்துக்கு மேலாகச் சொல்லி வருகிற கணக்கு இது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இழுத்தால் கிணத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பும். ஒருக்கா உப்பு ஏறினால் திரும்ப மழைதான் கழுவ வேண்டும்.

மழை எப்போது? கார்த்திகை, மார்கழி, தை. சீசன் எப்போது? சித்திரை தாண்டி புரட்டாதி மட்டும். ஆட்கள் கூடுதலாக வருகிற மாசங்களும் கிணறு ஆக அடியில் இருக்கிற மாசங்களும் ஒன்றுதான். கிழக்குக் கரையில் ஹோட்டல் நடத்துகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. எந்த விற்பனைப் பக்கத்திலும் இது இல்லை. தொட்டி விற்கிறவருக்கு எங்கட மாரி எப்போ, கோடை எப்போ என்று தெரியவே தேவையில்லை.

இந்தப் பாடத்தை நாங்கள் ஒருக்கா மிகவும் கொடுமையாகப் படித்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26. உயிர்களை எடுத்த அதே தண்ணி கிணறுகளையும் எடுத்தது. உப்பை வெளியேற்ற வேண்டும் என்று மோட்டர் போட்டு இறைக்க இறைக்க, சில இடங்களில் கீழே இருந்து இன்னும் உப்பு வந்தது. அளவுக்கு மிஞ்சி இறைக்காதீர்கள் என்று பிறகு ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். உம்மம்மா இப்பவும் கிணத்தில் முதல் வாளியை வாயில் வைத்துப் பார்த்துத்தான் குடத்தில் ஊற்றுவார். அவருக்கு அது ஆராய்ச்சி இல்லை, பழக்கம்.

இப்போது தொட்டியை எடுங்கள். 1500 லீற்றர் ஒருக்கா நிரப்பினால் முடிந்ததா? இல்லை. சூடான தண்ணியில் குளோரின் நிற்காது, கெதியாகப் போய்விடும். உடம்பில் பூசிய சன்கிறீம், வேர்வை, மணல் எல்லாம் வடிகட்டியை அடைக்கும். 20இல் இருந்து 45 பாகை வரையான தண்ணி, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பக்டீரியாவுக்கு வீடு மாதிரி. பராமரிக்காத தொட்டியில் இருந்து தோலில் சொறி வருவதும் வழமை. அதனால் பலர் பாவிக்கிற தொட்டிக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தொட்டியின் கலன் அளவை மூன்றால் வகுத்து, ஒரு நாளைக்கு இறங்குகிற ஆட்களால் திரும்ப வகுத்தால், எத்தனை நாளைக்கு ஒருக்கா முழுத் தண்ணியையும் மாற்ற வேண்டும் என்று வரும். எங்கட 1500 லீற்றருக்கு, நாளைக்கு 8 பேர் என்றால், 16 நாள். வடிகட்டி இல்லாத விறகுத் தொட்டி என்றால் சில நாளைக்கு ஒருக்கா. சீசன் முழுக்க 16 நாளைக்கு ஒருக்கா மாற்றினாலே 11 தடவை, 16,500 லீற்றர். இதில் ஆவியாகப் போவதும் சிந்துவதும் சேரவில்லை.

ஊற்றுகிற குளோரின் தண்ணி எங்கே போகும்? மணலுக்குள். மணலுக்குள் போனது எங்கே போகும்? பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு. வேலி நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது, கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணி.

நபியவர்கள் (ஸல்) ஒரு 'முத்' தண்ணியில் வுழூச் செய்தார்கள் என்று மதரஸாவில் படித்தோம். இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, முக்கால் லீற்றரும் வராது. அந்தக் கணக்கில் ஒரு தொட்டித் தண்ணி 2000 தடவை வுழூச் செய்யக் காணும். ஜும்ஆவுக்குக் கூடுகிற ஒரு பள்ளிவாசலே அதில் முடிந்துவிடும். இதைச் சொன்னால் "மார்க்கத்தக் கொண்டுவந்து யாவாரத்தில போடாத" என்பார்கள். தண்ணி விசயத்தில் மார்க்கமும் நிலத்தடி நீர்க் கணக்கும் ஒரே பக்கம் நிற்கின்றன, நான் என்ன செய்ய?

சரி, எல்லாம் கேட்டும் "நான் வாங்கியே தீருவேன்" என்பவர் இருப்பார். அவருக்காக உண்மையான பட்ஜெட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் போட்டிருக்கிற விலை தொட்டியின் விலை மட்டும்தான்.

கப்பல் கூலியும் சுங்க வரியும் முதலாவது. அடுத்து நிலம். 1500 லீற்றர் தண்ணியே ஒன்றரைத் தொன், தொட்டியும் அஞ்சு பேரும் சேர்ந்தால் இரண்டு தொன்னைத் தொடும். மணல் தாங்காது, கொங்கிறீட் தளம் போட வேண்டும். மொட்டைமாடியில் வைக்கப் போகிறேன் என்றால் முதலில் எஞ்சினியரிடம் போங்கள். கடலோரம் 300 மீற்றருக்குள் கட்டுவது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதி எடுக்க வேண்டும். மூன்றாவது வயரிங். ஈரக் காலோடு ஆட்கள் ஏறி இறங்குகிற இடத்தில் 3 கிலோவாற் ஹீட்டர். தனி லைன், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான ஏர்த் இல்லாமல் வைத்தால் அது குளிக்கிற தொட்டி இல்லை, மௌத்துத் தொட்டி. நாலாவது உப்புக் காத்து. எங்கட ஊரில் சைக்கிள் செயின் என்ன கதியாகிறது என்று தெரியும். அடுப்பு சாதாரண துருப்பிடிக்காத இரும்பா, 316 தரமா என்று கேளுங்கள். குளோரினும் உப்பும் சேர்ந்தால் சாதாரணமானதையும் அரிக்கும். அலுமினிய அடுப்பு என்றால் கிட்டவும் போக வேண்டாம். மரத்தொட்டி என்றால் காய விடக் கூடாது, காய்ந்தால் பலகை விலகி ஒழுகும். அதாவது ஆள் இல்லாத ஆறு மாசமும் தண்ணி விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பும் இல்லை தொட்டியும் இல்லை. விட்டு வைத்தால் டெங்கு. நல்ல கனமான மூடி, குளோரின், பரிசோதனைத் தாள், வடிகட்டி எல்லாம் மாசாமாசம். 40 பாகைக்கு மேல் விடக் கூடாது. கர்ப்பிணிகளையும் நெஞ்சு வருத்தக்காரரையும் இறக்கக் கூடாது. இதையெல்லாம் பார்க்க ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துக் கூட்டி, இதனால் கூடுதலாக வரப்போகிற வாடகையால் வகுத்துப் பாருங்கள். சாச்சாவின் நாலு ரூமுக்கு எத்தனை சீசன் எடுக்கும் என்று நான் போட்ட கணக்கில் தொட்டியின் ஆயுள் முந்தி முடிந்தது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாமே கேட்டாயிற்று. "நாம செய்யாட்டி வெளியூர்க்காரன் செய்வான். அவன் வெச்சிட்டானெண்டா ஆக்கள் அங்கதான் போவாங்க." இது வெறும் பொறாமைப் பேச்சு இல்லை, பயம். 2019 ஈஸ்டர், 2020 கொரோனா, 2022இல் பெற்றோலும் இல்லை கரண்ட்டும் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்த அடியில் இந்தச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் எப்படி எழும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். சாச்சியின் காப்பு இன்னும் அடகுக் கடையில்தான் கிடக்கிறது.

ஆனால் இந்தப் போட்டியின் விதியை எழுதியது யார் என்று பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். மீனவன் தன் வாடி இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாமல் நின்றபோது, சுற்றுலாவுக்கு விலக்கு இருந்தது. அறுகம்பேயைப் பணக்காரப் பயணிகளின் இடமாக மாற்றத் திட்டம் போட்டார்கள். நவோமி க்ளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' புத்தகத்தில் எங்கட ஊர் வருவது இதனால்தான். அன்றைக்கு எங்கட ஆக்கள் அதை எதிர்த்தார்கள். இருபது வருசத்துக்குப் பிறகு, அதே கனவை நாங்களே லோன் எடுத்து எங்கட முத்தத்துக்குக் கொண்டுவருகிறோம். பெரிய ஹோட்டலோடு தொட்டிக்குத் தொட்டி போட்டி போட்டால் காசுள்ளவன்தான் வெல்வான். அவனுக்குக் கிணறு வற்றினால் பவுசர் வரும். எங்களுக்கு?

இன்னொரு வாதம்: "வெள்ளைக்காரன் சுகப்பட்டா நீ என்ன, எங்கட ஆக்கள் சுகப்படக் கூடாதா?" சுடுதண்ணியை நான் வெறுக்கவில்லை. பிள்ளை பெற்ற ராத்தாவுக்கு உம்மம்மா நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சி நாற்பது நாளும் ஊற்றிய குளிப்பு எனக்கு ஞாபகம். அது அளவான பானை, தேவையான உடம்பு. எங்கட அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் நிலத்துக்குள் இருந்து சுடுதண்ணி ஊற்றாக வருகிறது. வடக்கே திருகோணமலையில் கன்னியா இருக்கிறது. விறகும் வேண்டாம், பில்லும் வேண்டாம். வருகிற ஆட்களை ஒரு நாள் வேனில் ஏற்றி மகா ஓயாவுக்குக் கூட்டிப் போனால் அதுவும் யாவாரம்தான், ஓட்டுகிறவனுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரனுக்கும் சேர்த்து. சாச்சாவுக்கு நுவரெலியாவில் நாலு ரூம் இருந்தால் ஹொட் டப் வாங்க நானே சீட்டுப் பிடித்துக் காசு கொடுப்பேன். அங்கே இரவில் பல் கிடுகிடுக்கும்.

உல்லையில் என்ன செய்யலாம்? நான் சாச்சாவுக்கு எழுதிக் கொடுத்தது இது. மாரி மழையைக் கூரையில் பிடித்து வைக்க ஒரு பெரிய டேங்க். அலையில் இருந்து வருகிறவர் உப்புக் கழுவ, மரத்துக்குக் கீழே ஒரு வெளி ஷவர், கையை எடுத்தால் நிற்கிற பைப்போடு. அந்தத் தண்ணி வாழைக்குப் போகட்டும். கிடுகுக் கூரையில் நல்ல நிழல், ஒரு ஊஞ்சல் கட்டில். தோடம்பழம் அல்லது வெள்ளரிப்பழச் சாறு. ரூம் பக்கத்தில், "எங்கட கிணறு கடலுக்குப் பக்கத்தில, தண்ணியைப் பார்த்துப் பாவியுங்க" என்று நேராக எழுதுவது. அதைப் படித்து ஓடுகிற ஆள் ஓடட்டும். அதைப் படித்துத்தான் வருகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் திரும்பவும் வருவார்கள்.

சாச்சா தாளை இரண்டு தரம் வாசித்தார். "படிச்ச கதை" என்றார். பிறகு பின்னேரம் அஸருக்குப் பிறகு, கயித்தில் கல்லைக் கட்டிக் கிணத்துக்குள் இறக்கினார். ஈரம் பட்ட இடத்தை முழத்தால் அளந்தார். இரண்டரை முழம் தண்ணி இருந்தது. அளந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கயித்தைச் சுருட்டித் தூணில் மாட்டினார்.

தொட்டி வாங்குவதா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. "மாரி போகட்டும், பாப்பம்" என்கிறார். ஆனால் கயிறு இப்போது தூணிலேயே தொங்குகிறது, கிழமைக்கு ஒருக்கா இறக்கிப் பார்க்கிறார் என்று உம்மா ஃபோனில் சொன்னார். உல்லையிலும் பொத்துவிலிலும் ரூம் வைத்திருக்கிற மற்ற சாச்சாமாரும் மாமாமாரும் இதையாவது செய்யுங்கள். தொட்டியின் விலையைக் கேட்க முதல் ஒரு கயிறும் ஒரு கல்லும் எடுங்கள். அதுக்கு லோன் தேவையில்லை.